வழி தப்பிப் போன வசனம்

கிருபைவிளையில், வாசித்தவளின் பின்னாலேயே வேதவசனம் வீடுவரைக்கும் போகத் தொடங்கியது, தேரி மணல்மேடுகளிலிருந்து செம்மண் காற்று கிளம்பி உப்புச் சட்டிக்குள்ளும் தலையணை உறைக்குள்ளும் படிகிற ஆடி மாதத்தில்தான் என்று எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். எந்த வெள்ளிக்கிழமை என்பதில்தான் இன்றைக்கும் வாக்குவாதம். சபைக்குப் புதிதாக வந்த போதகரின் மனைவி, போதகரை ஐயர் என்கிற ஊர் வழக்கப்படி எல்லாருக்கும் ஐயரம்மா, வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் பெண்களுக்கென்று வேதபாட வகுப்பு ஆரம்பித்தாள். கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிற சங்கக் கட்டிடத்தில் பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு, ஆளுக்கொரு வசனமாக வரிசையில் வாசிக்க வைத்து, வாசித்ததற்கு அர்த்தம் சொல்லி, ஜெபம் பண்ணி, சுக்குக்காப்பி கொடுத்து அனுப்பினாள். அவர்களோடு வசனமும் சேர்ந்து போனது என்பது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

முதலில் போனது ரத்தினபாய் வீட்டுக்கு. கேட்கிறவனுக்கு இல்லையென்று சொல்லாமல் கொடு என்கிற வசனம் அன்றைக்கு அவளுக்கு வந்திருந்தது. மறுநாள் சோற்றுக்கு அரிசி அளக்கப் பானையைத் திறந்தாள். பானைக்குள்ளிருந்து அந்த வசனம் அவள் குரலிலேயே, அவள் திக்கின இடத்தில் திக்கி, மூக்கை உறிஞ்சின இடத்தில் உறிஞ்சி, பதற்றமில்லாமல் வந்தது. செல்போன்தான் அரிசிக்குள் விழுந்துவிட்டதென்று முழங்கைவரைக்கும் கையை விட்டுத் துழாவினாள். செல்போன் ஜன்னல் மேல் இருந்தது. அன்று முழுக்க வசனம் பானைக்குள்ளிருந்தும், உலையில் போட்ட பிறகு உலைக்குள்ளிருந்தும், சாப்பிட்ட பிறகு, இதைச் சொல்லும்போது மட்டும் ரத்தினபாய் குரலைத் தாழ்த்துவாள், புருஷன் வயிற்றுக்குள்ளிருந்தும் கேட்டது. கடைசியில் அவளுக்கு ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டில் சீமந்தத்துக்கு இட்லிக் கொப்பரை கேட்டபோது ஓட்டை என்று சொல்லியிருந்தாள். கொப்பரையில் ஓட்டை இல்லை. அதைத் தேய்த்துக் கழுவி, தலையில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது பானை வெறும் பானையாக இருந்தது.

ஊர் இதற்கெல்லாம் பெரிதாகக் கலங்கிவிடவில்லை. குழாயில் தண்ணீர் வருகிற நாளும் கரண்ட் போகிற நேரமும் எப்படிப் பழகிப்போயினவோ அப்படி இதுவும் பழகியது. பால்காரர் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "உங்க வீட்டுல இந்த வாரம் என்ன வசனம்?" என்று கேட்டார். சில வீடுகளில் வசனம் ஒரு நாளில் போனது, சில வீடுகளில் தீபாவளிக்கு வந்த மருமகனைப் போலத் தங்கியது. தங்கபுஷ்பத்துக்கு, எப்போதும் சந்தோஷமாயிரு என்கிற வசனம் வந்தபோது, சின்னதாக இருக்கிறதென்று அவள் ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டாள். அது அவள் வீட்டுத் துவைக்கிற கல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் மருமகளைத் திட்டத் திட்ட, கல் அவள் குரலிலேயே சந்தோஷமாயிரு, சந்தோஷமாயிரு என்றது. "சந்தோஷமாத்தாம்ட்டி இருக்கேன், வாயை மூடு" என்று அவள் ஈரச்சேலையால் கல்லை அடித்தாள். அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அந்த மருமகள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்றார்கள். அந்த வசனம் போகவே இல்லை. இன்றைக்கும் அந்தக் கல்லில் காதை வைத்தால் லேசாகக் கேட்கும்.

ஐயரிடம் போய் முறையிட்டவர்களும் உண்டு. ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "வசனம் சும்மா போகாதுன்னு வருஷக்கணக்கா நாமதான் பிரசங்கம் பண்ணுறோம். இப்ப அது சும்மா போகலைன்னா ஏன் பதறணும்?" என்றார். பதறியவர்கள் பதறாமல் திரும்பிப் போனார்கள். ஆனால் ஐயர் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வேதபாடங்களைத் தனக்கு உதவியாக இருக்கிற உபதேசியாரை வாசிக்கச் சொன்னதை எல்லாரும் கவனித்தார்கள்.

ஜெபக்கனிக்குக் கவலைப்படுவதற்கு வசனம் எதுவும் தேவைப்படவில்லை. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் அவள். கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் பியூலா போன் எடுக்காவிட்டால் ஆஸ்பத்திரியையும், உடனே எடுத்துவிட்டால் சண்டையையும் நினைப்பாள். தையற்கடை வைத்திருந்த புருஷன் அருமைராஜ், "நீ இல்லாட்டா இந்த உலகம் எப்பவோ விழுந்திருக்கும், நீ பிடிச்சுக்கிட்டிருக்கதாலதான் நிக்குது" என்பார். அம்மா இறந்துபோனபோது ஆறாம் வகுப்போடு நின்றவள். எழுத்தின் கீழ் விரலை ஓட்டித்தான் வாசிப்பாள். அதனால் வகுப்பில் உட்கார்ந்தவுடன் முதல் காரியமாகத் தலைகளை எண்ணுவாள். இந்த வசனம் ஐயரம்மாவுக்கு, அடுத்தது ரத்தினபாய்க்கு, அடுத்தது தங்கபுஷ்பத்துக்கு என்று விரலை வசனத்துக்கு வசனம் தாவவிட்டு, தன்னுடையது எது என்று கண்டுபிடித்து, முறை வருவதற்குள் உதட்டுக்குள்ளேயே வாசித்துப் பழகிக்கொள்வாள். கூட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வசனங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கிய பிறகு எண்ணுவது வேறு விதமாகிவிட்டது. கடினமான வசனம் யார் தலையில் விழும் என்று எல்லாரும் எண்ணினார்கள். இடம் பிடிக்க மத்தியானச் சோற்றைப் பாதியில் விட்டு ஓடி வந்தார்கள். "மைனி, உங்களுக்கு முதுகுவலிதான, இப்படிச் சாய்மானத்துல உக்காருங்க" என்று அன்போடு இடம் மாற்றிவிட்டார்கள், மாற்றப்பட்டவள் சத்துருவை நேசிக்கிற வசனத்தோடு வீட்டுக்குப் போனாள். கடைசியில் எல்லாருமாகச் சேர்ந்து ஐயரம்மாவிடம் கேட்டுக்கொண்டார்கள், வெறும் பேர்கள் மட்டும் வருகிற அதிகாரங்களாக வாசிக்கலாமே என்று. இன்னான் இன்னானைப் பெற்றான், அவன் இன்னொருத்தனைப் பெற்றான். அதில் கீழ்ப்படிவதற்கு என்ன இருக்கிறது?

"அதுவும் வேதம்தான்" என்று ஐயரம்மா பெருமூச்சு விட்டாள்.

நாக்கைச் சுழற்றுகிற பேர்களை வாசித்துவிட்டு எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். வீடுகள் அமைதியாயின. பால்காரருக்குத்தான் பேச்சுக்கு விஷயமில்லாமல் போயிற்று. புரட்டாசி, ஐப்பசி எல்லாம் பேர்களாகவே கழிந்தன. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஐயரம்மா, "பேருங்க போதும், ஆதியில இருந்து ஆரம்பிப்போம். கதைதான, பயப்படாதீங்க" என்றாள். கதை என்றதும் எல்லாரும் சரி என்றார்கள். வானமும் பூமியும், தோட்டமும் பாம்பும் யார் வீட்டுக்கும் போகாமல் முடிந்தன. அதற்கடுத்த வாரம் அண்ணன் தம்பி கதை வந்தது, வயலில் தம்பியைக் கொன்றுவிட்டு வந்து நிற்கிற அண்ணனின் கதை.

ஜெபக்கனி எண்ணினாள். எண்ணின விரல் ஒரு கேள்வியின் கீழ் போய் நின்றது. மறுபடியும் எண்ணினாள். மறுபடியும் அங்கேயே நின்றது.

கேள்விதானே, கட்டளை இல்லையே என்று மற்றவள் என்றால் நினைத்திருப்பாள். ஜெபக்கனி அந்த வரியிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். "இங்க புழுக்கமா இருக்கு, கொஞ்சம் காத்துப்படுத மாதிரி உக்காருதேன்" என்று எழுந்து, வாசல் பக்கம் பெஞ்சின் கடைசிக்குப் போனாள். அவள் எழுந்த இடைவெளியில், இடியாப்பச் சட்டியைக் கழுவிவைத்துவிட்டுத் தாமதமாக வந்த செல்லக்கிளி, "ஒதுங்குங்கம்மா தாய்மாரே" என்று தன் ஒல்லி உடம்பைச் செருகிக்கொண்டாள். வரிசை சுற்றி வந்தது. செல்லக்கிளி கண்ணாடியைத் தேடி எடுத்து, கரகரத்த தொண்டையைச் செருமிவிட்டு, கடவுள் அந்த அண்ணனிடம் கேட்ட கேள்வியை வாசித்தாள்.

"உன் சகோதரன் எங்கே?"

செல்லக்கிளிக்குச் சகோதரன் கிடையாது. அக்கா தங்கச்சியும் கிடையாது. புருஷன் இறந்து வெகு காலமாயிற்று, பிள்ளை இல்லை. கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையும் அடுப்படியுமாக இருந்துகொண்டு, காலையில் இடியாப்பம் அவித்து விற்றாள். மறுநாள் விடிந்து அடுப்பில் இடியாப்பச் செம்பை வைத்து ஆவி கிளம்பியதும், ஆவியோடு சேர்ந்து அவள் குரல் வந்தது. இடியாப்பம் வாங்கத் தட்டோடு நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

"எனக்கு ஏது சகோதரன்?" என்று செல்லக்கிளி செம்பைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள். "ஒத்தையில பெத்துப் போட்டுட்டுப் போயிட்டா எங்கம்மா. அவகிட்டப் போயிக் கேளு."

செம்பு போய்க் கேட்கவில்லை. அவளிடமே கேட்டது. மாவு பிசையும்போது கேட்டது, தேங்காய் துருவும்போது கேட்டது, அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது சுவரிலிருந்து கேட்டது. ஊர் தன் வழக்கப்படி ஒத்தாசைக்கு வந்தது. அவளுடைய ஒன்றுவிட்ட பெரியப்பா மகன் ஒருவரை நாங்குநேரியிலிருந்து வரவழைத்து அடுப்படியில் நிறுத்தினார்கள். அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இந்தா இருக்கேன்" என்றார். செம்பு அவர் முகத்துக்கு நேராகவே அதே கேள்வியைக் கேட்டது. அவர் அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டார். உபதேசியார் வந்து, கிறிஸ்துவுக்குள் நான் உனக்குச் சகோதரன் என்றார். தையற்கடை அருமைராஜும் கூட்டத்தோடு வந்து, கூச்சத்தோடு, "நானும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். எதுவும் பலிக்கவில்லை. நடுச்சுவர் தகராறில் பல வருஷமாக முகம் பார்க்காத அண்ணன் தம்பி இரண்டு பேர் மட்டும், இடியாப்ப வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று அந்தக் கேள்வியைத் தினமும் கேட்டுக் கேட்டுத் தாங்கமாட்டாமல், ஒரு நாள் ஒரே பார்சலாக வாங்கிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் வரிசையில் நிற்பதை நிறுத்தினார்கள். காலைப் பலகாரத்தை நெஞ்சில் குத்தலோடு யார் சாப்பிடுவார்கள்?

இவ்வளவுக்கும் ஜெபக்கனியின் வீடு அமைதியாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அரிசிப் பானையைத் திறந்து காதை வைத்தாள். தண்ணீர்த் தொட்டிக்குள் குனிந்தாள். பீரோவைத் திறந்து சேலைகளுக்கு நடுவே தலையை நீட்டினாள். ஒரு சத்தமும் இல்லை. வெளியே காற்றடிக்கும்போது மட்டும், கோயிலுக்குப் பின்னாலிருந்து, கரகரத்த அந்நியக் குரலில் அவளுக்கு வரவேண்டியது கேட்டது.

அவளுக்கு ஒரு தம்பி உண்டு. பொன்சிங். அம்மா சாகும்போது இடுப்பில் இருந்த பிள்ளை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவனை வளர்த்தது இவள்தான். கல்யாணமாகிக் கிருபைவிளைக்கு வந்தபோது சீர்வரிசையோடு அவனும் வந்தான். நன்றாகத்தான் இருந்தான். வாலிபத்தில் என்னவோ ஆயிற்று. பனைமரங்கள் தன்னைக் கூப்பிடுவதாகச் சொன்னான், சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளினான். யாரையும் அடித்தவனில்லை. ஒரு மத்தியானம் புல்லுக்கூடையோடு வந்த ஜெபக்கனி, அவன் அப்போது சின்னப்பிள்ளையாக இருந்த பியூலாவைக் கிணற்றுச் சுவரின் மேல் நிறுத்தி, ஒரு கையால் பிள்ளையின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அந்தா பாரு பரலோகம்" என்று தண்ணீரில் தெரிந்த வானத்தைக் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் புதுச்செருப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி அவனை பஸ்ஸில் ஏற்றினாள். கடற்கரையோரம் சவுக்குத்தோப்புக்கு நடுவே ஓர் ஆர்.சி. கோயில் உண்டு, புத்தி பேதலித்தவர்களைக் கொண்டுவந்து வாரக்கணக்கில் வைத்திருந்து ஜெபிக்கிற இடம், தோப்புக் கோயில் என்பார்கள். கொடிமரத்து மேடையில் அவனை உட்கார வைத்து, "இங்கயே இரு தம்பி, அக்கா டீயும் பன்னும் வாங்கிட்டு வாறேன்" என்றாள். சரி என்றான். வாசலுக்கு எதிரேதான் டீக்கடை. அவள் டீக்கடையைத் தாண்டினாள். பஸ் நின்றுகொண்டிருந்தது, ஏறினாள்.

ஊரில், காண்டிராக்டரோடு பம்பாய்க்கு வேலைக்குப் போயிருக்கிறான் என்றாள். வருஷாவருஷம் அறுப்பின் பண்டிகையில், பம்பாயில் இருக்கிற தம்பியைக் கர்த்தர் காத்ததற்காக என்று ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள். உபதேசியார் அதைச் சபை முன்னால் சத்தமாக அறிவித்தார். அருமைராஜ் அப்போதெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் ஒன்றும் கேட்டதில்லை.

கார்த்திகை மழை விட்ட ஒரு காலையில் ஜெபக்கனி தட்டை எடுத்துக்கொண்டு செல்லக்கிளி வீட்டுக்குப் போனாள். வாசலில் யாரும் இல்லை. செல்லக்கிளி அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. செம்பு ஆவியைத் தள்ளிக்கொண்டு, "உன் சகோதரன் எங்கே?" என்றது.

"வா பிள்ள" என்றாள் செல்லக்கிளி. "நீ ஒருத்தியாவது வந்தியே. எத்தனை வேணும்?"

"யக்கா, இது இன்னும் போகலியா?"

"போகல. பாவம், எவளுக்கோ போகவேண்டியது வழி தப்பி இங்க வந்திருக்கு." செல்லக்கிளி தட்டில் இடியாப்பத்தைக் கவிழ்த்தாள். "மொதல்ல கோவமா வந்துச்சு. பெறவு நெனச்சேன், அதுவும் எங்கதாம்ட்டி போகும்? வீட்டுக்காரி கதவைச் சாத்திட்டா வாசல்ல நின்னவுகளை நாமதான உள்ள கூப்பிடணும். கெடந்துட்டுப் போகுது. சர்க்கரை வைக்கவா, தேங்காய்ப்பூ மட்டும் போதுமா?"

ஜெபக்கனி தட்டை வாங்கவில்லை. செம்பு மறுபடியும் கேட்டது. இந்த முறை அவள், அடுப்பைப் பார்த்து, யாருக்கும் கேட்காத குரலில், "தோப்புக் கோயில்ல" என்றாள்.

செம்பு நின்றது. ஆவி மட்டும் வந்துகொண்டிருந்தது. செல்லக்கிளி கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு செம்பு மறுபடியும், ஆனால் மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி, அதே கேள்வியைக் கேட்டது.

"இடம் தெரிஞ்சா மட்டும் அதுக்குப் போதாது போலுக்கு" என்றாள் செல்லக்கிளி. இடியாப்பத்தை வாழையிலையில் மடித்து, நூல் சுற்றி, ஜெபக்கனியின் கையில் வைத்தாள். "வழியில பசிக்கும்."

வீட்டில் அருமைராஜ் மிஷினில் உட்கார்ந்திருந்தார். "நான் ஒரு எடத்துக்குப் போயிட்டு வாறேன்" என்றாள்.

"போயிட்டு வா. எங்கன்னு கேக்க மாட்டேன்."

"கேட்டிருக்கணும்" என்றாள் ஜெபக்கனி. "அன்னைக்கே நீங்க கேட்டிருக்கணும்."

அவர் மிதிப்பதை நிறுத்தினார். துணியிலிருந்து ஊசி எழும்பாமல் நின்றது. "கேட்டா நீ சொல்லிருவியோன்னு இருந்துச்சு" என்றார்.

பஸ் மாறி பஸ் மாறிப் போகிற வழியெல்லாம் அவளுக்குச் செத்துப்போன பொன்சிங்கும் உயிரோடிருக்கிற பொன்சிங்கும் மாறி மாறி வந்தார்கள். எது மேல் என்று நினைத்துப் பார்த்து, நினைத்ததற்காக நாக்கைக் கடித்துக்கொண்டாள். சவுக்குத்தோப்பு பாதியாகிவிட்டிருந்தது. கோயிலை ஒட்டி இப்போது ஓர் இல்லம் கட்டியிருந்தார்கள். கூட்டிக்கொண்டுபோக ஆள் வராதவர்கள் அங்கே இருந்தார்கள். அந்த இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டர் லூர்து என்பவள், ஜெபக்கனி சொன்ன அடையாளங்களைக் கேட்டுவிட்டு, கொடிமரத்துப் பக்கம் விரலை நீட்டினாள்.

கொடிமரத்து மேடையில், வாசலைப் பார்த்தபடி, நரைத்த ஒருவன் உட்கார்ந்திருந்தான். முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு, கைகளை அதன் மேல் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் டோக்கன் எடுத்துவிட்டுக் காத்திருப்பவன் மாதிரி.

"விடிஞ்சதும் வந்து உக்காந்துருவார். ராத்திரி கூப்பிட்டாத்தான் உள்ள வருவார்" என்றாள் சிஸ்டர். "தொந்தரவே கிடையாது. ஒண்ணே ஒண்ணு, எல்லாருக்கும் டீ குடுக்கும்போது இவர் மட்டும் வாங்க மாட்டார். மழையில நடுங்கினாக்கூட வாங்க மாட்டார்."

ஜெபக்கனி அவன் முன்னால் போய் நின்றாள். "தம்பி. பொன்சிங். அக்கா வந்திருக்கேன்."

அவன் அவளை மரியாதையோடு பார்த்தான். "நீங்க யாரு? கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வாசல் மறைக்குது."

"அக்காதாம்ல. ஜெபக்கனி."

"எங்க அக்கா வெளிய போயிருக்கா. இங்கயே இருன்னு சொல்லிருக்கா. இப்ப வந்துருவா."

அவள் அவன் கையைப் பிடித்தாள், உருவிக்கொண்டான். அம்மா பேரைச் சொன்னாள், பியூலா பேரைச் சொன்னாள், பழைய வீட்டுக் கதவின் நிறத்தைச் சொன்னாள். அவன் தலையைச் சாய்த்து, அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தான். வெயில் ஏறிற்று. இலைப்பொதியைப் பிரித்து வைத்தாள், தொடவில்லை. இவ்வளவு வருஷம் செத்துப்போயிருப்பானோ என்று பயந்தவளுக்கு, உயிரோடு கண் முன்னால் உட்கார்ந்துகொண்டு அவன் தனக்காகவே காத்துக்கொண்டிருக்கிற பயங்கரத்தைப் பற்றி ஒரு நாளும் தோன்றவில்லை. மேடையின் ஓரத்தில் அவளும் உட்கார்ந்து, அவன் பார்த்த திசையையே பார்த்தாள். வாசல் தெரிந்தது. வாசலுக்கு அந்தப்பக்கம் டீக்கடை தெரிந்தது.

அவள் எழுந்தாள். அன்றைக்கு நடந்த மாதிரியே வாசலைத் தாண்டி நடந்தாள். பஸ் ஒன்று நின்று உறுமிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல், டீக்கடைப் பலகையின் முன்னால் போய் நின்று, ஒரு டீயும் தேங்காய் பன்னும் கேட்டாள். விளிம்புவரை ஊற்றியிருந்த கண்ணாடிக் கிளாஸ் தளும்பிச் சுட்டது. முந்தானையால் பிடித்துக்கொண்டு, வாசலுக்குள் நுழைந்து, கொடிமரத்தைப் பார்த்து நடந்து வந்தாள்.

அவன் பார்த்தான். முழங்காலின் மேல் இருந்த கைகள் மெதுவாக எழும்பின. கிளாஸை வாங்கி, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தான்.

"எக்கா" என்றான். "ஏன் இவ்வளவு நேரம்?"

"கடையில கூட்டம்" என்றாள் ஜெபக்கனி. பன்னைப் பிய்த்து அவனிடம் நீட்டினாள்.

அவர்கள் கிருபைவிளையில் இறங்கியபோது சாயங்கால மணி அடித்துக்கொண்டிருந்தது. நடுத்தெருவில் அவர்களை முதலில் பார்த்தது தங்கபுஷ்பம். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன ஜெபக்கனி, பம்பாய் பஸ் இப்ப நம்ம ஊருக்கே வந்துட்டா?" என்று கேட்டாள். அவள் வீட்டுக் கொல்லையிலிருந்து துவைக்கிற கல் என்னவோ முனகியது. ஜெபக்கனி, "பம்பாயில்ல மைனி. தோப்புக் கோயில். நான்தான் விட்டுட்டு வந்தேன்" என்றாள். தங்கபுஷ்பம் வீட்டுக்குள் போய், புருஷனுடைய பழைய செருப்பு ஒரு ஜோடியை எடுத்துவந்து பொன்சிங்கின் காலடியில் போட்டாள். கால் வெறுங்காலாக இருந்ததை ஜெபக்கனி அப்போதுதான் பார்த்தாள்.

செல்லக்கிளி வீட்டில் குரல் அன்று மத்தியானமே நின்றுவிட்டிருந்தது, ஆவி அடங்குகிற மாதிரி. அவள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு தூக்குவாளியில் இடியாப்பத்தோடு ஜெபக்கனி வீட்டுக்கு வந்தாள். "வீடு பேசாம கெடக்கு. தனியா இருக்கவே முடியல பிள்ள" என்றாள். பொன்சிங் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, நகர்ந்து இடம் விட்டான். அன்றிலிருந்து அவள் அங்கே வராத நாளில்லை. ஊரில் சிலர், பைத்தியத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டாளே, மருமகன் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று பேசினார்கள். பேசிப் பேசி, பால்காரர் உட்பட, பழகிப்போனார்கள். வெள்ளிக்கிழமைகளில் பொன்சிங் வகுப்புக்கும் வந்து, பெஞ்சின் கடைசியில் முழங்கால்களை ஒட்டி வைத்து உட்கார்ந்தான். அவனையும் சேர்த்து எண்ணுவதா வேண்டாமா என்று தெரியாமல் எல்லாருக்கும் கணக்குத் தப்பியது. ஜெபக்கனி எண்ணவில்லை. முறை வரும்போது விரலை ஓட்டித் திக்கித் திக்கி வாசித்தாள்.

ஆனால் வீடு அவளுக்கு அமைதியாக இருந்ததில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் டீயோடு அடுப்படியிலிருந்து வரும்போது, வாசல் பார்த்து உட்கார்ந்திருக்கும் பொன்சிங் கிளாஸை வாங்கிக்கொண்டு, முந்தின நாள் கேட்காதவன் மாதிரி, "எக்கா, ஏன் இவ்வளவு நேரம்?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை, கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. "பால் வரல தம்பி" என்றாள் ஒரு நாள். "அடுப்பு பத்தல" என்றாள் ஒரு நாள். "சில்லறை இல்ல, நின்னு வாங்கிட்டு வந்தேன்" என்றாள். எந்தப் பதிலும் அடுத்த காலை வரைக்கும் தாங்கவில்லை. அருமைராஜ் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். ரத்தினபாய் வந்து, "அதுக்கு என்ன செய்யணுமோ செஞ்சிரு, நின்னுரும், என் பானை நிக்கலியா" என்று யோசனை சொன்னாள். எதைச் செய்வதென்று ஜெபக்கனிக்குத் தெரியவில்லை. இதை எந்த அதிகாரத்திலும் அவள் விரல் தொட்டதில்லை.

மாசி மாதத்துக் காலை ஒன்றில், கிணற்றடியில் காக்கைகள் சோற்றுப்பருக்கைக்குச் சண்டைபோட்டுக்கொண்டிருந்தபோது, அவன் கிளாஸை வாங்கிக்கொண்டு அதையே கேட்டான். பால் வரவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தவள், அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பயமா இருந்துச்சு தம்பி."

"எதுக்கு?"

"உன்னைப் பாத்துத்தான்."

காக்கைகள் பறந்துபோயின. பொன்சிங் டீயை ஒரு வாய் குடித்தான்.

"நானும் பயந்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றான். பிறகு கிளாஸுக்குள் பார்த்தான். "சீனி பத்தல."

ஜெபக்கனி கையை ஊன்றி எழுந்தாள். அடுப்படிப் பக்கம் திரும்பி, "இங்கயே இரு, எடுத்துட்டு" என்று சொல்லத் தொடங்கியவள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முழங்கால்கள் தானாக ஒட்டிக்கொண்டன, ஒரு கை முழங்காலின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் திரும்பி வந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"வா தம்பி" என்றாள். "ரெண்டு பேரும் போயி எடுத்துட்டு வருவோம்."